இரைப்பை: பை என்று எண்ணப்பட்ட ஓர் உறுப்பின் வரலாறு

இரை தங்கும் பை ஆதலால் இரைப்பை. சொல்லைப் பிரித்தாலே பொருள் விளங்கிவிடுகிறது. ஆனால் அந்த விளக்கத்திலேயே ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. பை என்பது பொருளை வைத்துக்கொள்வது. அதன் கொள்ளளவுதான் அதைப் பற்றி நாம் அறியவேண்டிய முதற்செய்தி. பெரிய பையில் நிறையக் கொள்ளும், சிறிய பையில் குறைவாகக் கொள்ளும். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இந்த உறுப்பை இப்படித்தான் பார்த்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையை அறுக்கத் துணிந்த மருத்துவர்களும் முதலில் பையைச் சிறிதாக்குவதாகவே எண்ணினர். அறுத்த பிறகுதான், அந்தப் பையின் உட்சுவரில் குடியிருந்த செல்கள் தம் வேலைகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தத் தொடங்கின.

அந்த உட்சுவரின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். நம்மில் பலரது குடும்பத்தில் யாரேனும் ஒருவர் இந்த அறுவைக்கு ஆளாகியிருக்கக் கூடும்; அல்லது ஆளாகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய வரலாறு அன்று.

*

இரைப்பையின் உட்புறத்தை உயிருள்ள மனிதனிடம் நீண்டகாலம் உற்றுநோக்கும் வாய்ப்பு ஒரு விபத்தினால் வாய்த்தது. 1822-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று, வட அமெரிக்கப் பேரேரிகளின் நடுவே உள்ள மாக்கினாக் தீவில், கம்பளித்தோல் வணிக நிறுவனத்தின் கடையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு பட்டவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடியப் படகோட்டி இளைஞர். இரவு தாங்கமாட்டார் என்று கருதப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் புண் முழுவதுமாக மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு விலாவோரத் தசையோடு ஒட்டி ஆறி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய ஒரு துளை நிலைத்துவிட்டது.

அவருக்கு வைத்தியம் பார்த்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், 1825 முதல் 1833 வரை விட்டுவிட்டு அந்தத் துளையின் வழியே சோதனைகள் நடத்தினார். இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-இல் வெளியான அவரது நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் பதிவாகியுள்ளன. செரிமானம் என்பது அரைத்தலோ அழுகலோ அன்று, உட்சுவர் சுரக்கும் நீரால் நிகழும் வேதிவினை என்பது அந்நூலால் உறுதிப்பட்டது.

நம் நோக்கில் இரண்டு குறிப்புகள் முக்கியமானவை. முதலாவது, உட்சுவர் மாறாத தோல் அன்று என்பது. நலமாயிருக்கும்போது வெளிர் இளஞ்சிவப்பாய் மென்பட்டுப் போலிருந்த சவ்வு, காய்ச்சல் கண்ட நாள்களிலும் மிகுதியாகக் குடித்த நாள்களிலும் சிவந்து, திட்டுத் திட்டாய் நிறம் மாறியதைப் போமாண்ட் கண்டார். இரண்டாவது, பசி பற்றியது. செயின்ட் மார்ட்டினைப் பட்டினி போட்டு, வாய்வழி ஊட்டாமல் துளையின் வழியே வேகவைத்த மாட்டிறைச்சியைச் சிறிதளவு உள்ளே வைத்தார். பசி அடங்கிவிட்டது. நாவும் தொண்டையும் அறியாமலே அடங்கிய அந்தப் பசி எங்கே பிறந்தது? இரைப்பைச் சுவரில் உள்ள நுண்குழல்கள் சாறு நிரம்பி விம்முவதே பசி என்று போமாண்ட் ஊகித்தார். ஊகம் தவறு. ஆனால் விடையைச் சுவரில் தேடவேண்டும் என்ற உள்ளுணர்வு தவறன்று. அதை மெய்ப்பிக்க மேலும் நூற்று அறுபதாண்டுக்கு மேல் ஆயிற்று.

*

போமாண்ட் வெறுங்கண்ணால் கண்ட சுவரை நுண்ணோக்கியின் கீழ் வைத்தவர்களுள் தலையாயவர் ஜெர்மானிய உடலியங்கியலாளர் ருடால்ஃப் ஹைடன்ஹைன். 1870-இல் அவர் இரைப்பைச் சுரப்பிகளில் இருவகைச் செல்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவகை, சுரப்பியின் அடியில் திரண்டிருந்து பெப்சின் என்னும் நொதிக்கு மூலமானதைச் சுரக்கும் முதன்மைச் செல்கள். மற்றது, சுரப்பிச் சுவரோரமாகப் பருத்து நிற்கும் செல்கள். அமிலம் சுரப்பவை இவையே. இவற்றைச் சுவரோரச் செல்கள் எனலாம்.

இன்று நாம் அறிந்த சித்திரம் இன்னும் விரிவானது. உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத குழிகள். ஒவ்வொரு குழியும் கீழிறங்கிச் சுரப்பிகளாகிறது. மேற்பரப்பில் சளி சுரக்கும் செல்கள் அமிலத்திலிருந்து சுவரைக் காக்கின்றன. அவை சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. அடியில் உள்ள செல்கள் மாதக்கணக்கில் வாழ்கின்றன. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜி செல்கள் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விட்டு, மேற்பகுதியின் சுவரோரச் செல்களை அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. காஸ்ட்ரின் என்ற பொருள் உண்டு என்று 1905-இல் ஜான் எட்கின்ஸ் முன்மொழிந்தபோது பலர் நம்பவில்லை.

ஆக, இந்தப் பையின் மேல், நடு, கீழ்ப் பகுதிகள் ஒரே துணியால் தைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு குடிகள். ஒரு குடி இடும் கட்டளையை மற்றொரு குடி நிறைவேற்றுகிறது. எந்த இடத்தில் கத்தி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, எந்தக் குடி அழிகிறது என்பது மாறும்.

*

1881-ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடோர் பில்ரோத், புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு தைத்தார். நோயாளி அறுவையிலிருந்து மீண்டார்; சில மாதங்களில் புற்றுநோய் பரவி இறந்தார். இசையமைப்பாளர் பிராம்ஸின் நெருங்கிய நண்பரான இந்தப் பில்ரோத்தின் பெயரால்தான் இன்றும் அவ்வகை அறுவைகள் அழைக்கப்படுகின்றன. 1897-இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பை முழுவதையுமே அகற்றினார், நோயாளி பிழைத்தார். இரைப்பையே இல்லாமலும் மனிதன் உண்டு உயிர்வாழலாம் என்றால், அது வெறும் சேமிப்பறைதானே என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

ஆனால் கணக்குத் தீர நாளாயிற்று. 1920-களின் இறுதியில் பாஸ்டன் நகர மருத்துவர் வில்லியம் கேசில், அக்காலத்தில் உயிர்கொல்லியாக இருந்த ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். தாம் இறைச்சியை உண்டு, ஒரு மணிநேரம் கழித்து அதை வெளிக்கொணர்ந்து, பக்குவப்படுத்தி நோயாளிகளுக்குக் கொடுத்தார். அருவருப்பைத் தாண்டிப் படிக்கவேண்டிய சோதனை இது. வெறும் இறைச்சி உண்ட நோயாளிக்கு இரத்தம் ஊறவில்லை. நலமான இரைப்பையில் ஊறிய இறைச்சியை உண்டவருக்கு ஊறியது. இறைச்சியில் உள்ள ஏதோ ஒன்று உடலில் சேர, இரைப்பைச் சுவர் தரும் ஏதோ ஒன்று தேவை. இரண்டாவதை அவர் 'உள்ளார்ந்த காரணி' என்றார். முதலாவது, 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12. அமிலம் சுரக்கும் அதே சுவரோரச் செல்களே உள்ளார்ந்த காரணியையும் சுரக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குச் சேமிப்பு இருப்பதால், இரைப்பையை இழந்தவருக்குக் குறைபாடு உடனே தெரிவதில்லை. கால் மரத்துப்போதலும் தள்ளாட்டமும் சோகையும் ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும்.

இன்னொரு பாக்கியும் இருந்தது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பகுதி அகற்றப்பட்டவர்களுள் சிலருக்கு, எஞ்சிய பகுதியில் நெடுங்காலம் கழித்துப் புற்றுநோய் தோன்றுவதை 1922-இல் டொனால்ட் பால்ஃபர் பதிவுசெய்தார். வாயிற்காவல் அகற்றப்பட்டதால் சிறுகுடலின் பித்தநீர் மேலேறி உட்சுவரில் படுகிறது. ஓயாத அரிப்புக்கு ஈடுகொடுக்க அங்குள்ள செல்கள் தம் இயல்பைக் கைவிட்டுக் குடற்செல்களின் சாயலைப் பூணுகின்றன. மருத்துவர்கள் இதைக் குடல்வகை உருமாற்றம் என்பர். இடம் மாறாமலே இனம் மாறும் நிலை இது.

இதில் மற்றுமொரு முரண் உண்டு. 1980-களில் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். தலைமுறை தலைமுறையாக வெட்டியெடுக்கப்பட்ட இரைப்பைகளுள் பலவற்றை மருந்தாலேயே காத்திருக்கலாம்! முதலில் அறுத்துப் பின்னர் அறிதல் என்பது இவ்வுறுப்பின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி எனலாம்.

*

இந்தப் புண் அறுவைகளின் ஒரு பக்கவிளைவிலிருந்துதான் நம் கதையின் அடுத்த அத்தியாயம் பிறந்தது. இரைப்பையின் பகுதி அகற்றப்பட்ட பெண்கள் எடை கூட முடியாமல் மெலிந்தே இருப்பதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966-இல் அவர் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து, உடற்பருமன் நோயாளிகளுக்கு இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பையொன்றைப் பிரித்து அதை நேரே சிறுகுடலோடு இணைப்பர். எஞ்சிய பெரும்பகுதி அகற்றப்படுவதில்லை. உணவு எட்டாத, மூடப்பட்ட அறையாக அங்கேயே கிடக்கும்.

மேற்பையை மிகச் சிறிதாக அமைத்ததற்குக் கொள்ளளவு மட்டும் காரணமன்று. குடற்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் சளிக்கவசம் போதாது. இணைப்பில் புண் தோன்றும். பை சிறிதானால் அதனுள் அமிலம் சுரக்கும் செல்களும் குறையும், புண்ணும் குறையும். பையின் அளவைப் பேசிக்கொண்டிருந்தபோதே சுவரின் செல்கள் கணக்கில் வந்துவிட்டன.

பின்னர் ஒரு வியப்பு. 1995-இல் வட கரோலைனாவின் வால்டர் போரீசும் அவர் குழுவினரும், பைபாஸ் செய்துகொண்டவர்களுள் பெரும்பாலோருக்கு நீரிழிவு அடங்கிவிட்டதை வெளியிட்டனர். அதுவும் எடை குறைவதற்கு முன்பே, நாள்கணக்கில் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தது. 'யார் நினைத்திருப்பார்கள்' என்ற பொருள்படும் வினாவையே அக்கட்டுரைக்குத் தலைப்பாக்கியிருந்தனர். பையைச் சுருக்கியதால் மட்டும் இது எப்படி நிகழும்?

*

இவ்விடத்தில் பசி பற்றிய பழைய வினாவுக்குத் திரும்புவோம். 1912-இல் வால்டர் கேனனும் வாஷ்பர்னும் விழுங்கிய பலூன் ஒன்றின் துணையால், இரைப்பை சுருங்கும்போதே பசி எழுவதாகக் காட்டினர். வெற்றுப் பை சுருங்குகிறது, பசிக்கிறது. எளிய விடை. ஆனால் இரைப்பை முழுதும் அகற்றப்பட்டவருக்கும் பசிக்கிறது என்று 1931-இல் வாங்கன்ஸ்டீனும் கார்ல்சனும் எழுதியபோது அந்த விடை ஆட்டம் கண்டது.

1999 டிசம்பரில் ஜப்பானின் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் ஒரு புதிய ஹார்மோனை அறிவித்தனர். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருள் ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர்கள் அவர்கள். மூளையில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, எலியின் இரைப்பையில் கிடைத்தது. 28 அமினோ அமிலங்களால் ஆன அதற்கு, வளர்தலைக் குறிக்கும் தொல் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லைக் கொண்டு கிரெலின் என்று பெயரிட்டனர். அதைச் சுரக்கும் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் முன்பே பலர் கண்டிருந்தனர். எதற்காக இருக்கின்றன என்று அறியாமல், எலியில் அவற்றை 'எக்ஸ்/ஏ' வகை என்று எழுத்துகளால் குறித்துவைத்திருந்தனர். இரைப்பையின் மேல் குவிமாடப் பகுதியில் அவை மிகுதி. கிரெலின் உணவுவேளைக்கு முன் இரத்தத்தில் ஏறி, உண்டபின் இறங்குகிறது. ஊசிவழி செலுத்தினால் பசியைத் தூண்டுகிறது.

2002-இல் சியாட்டிலின் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சிறியது; ஆனால் சிந்திக்கத்தக்கது. உணவுக் கட்டுப்பாட்டால் தம் எடையில் 17 விழுக்காட்டைக் குறைத்த 13 பேருக்கு, நாள்முழுதுமான கிரெலின் அளவு 24 விழுக்காடு கூடியிருந்தது. இளைக்க இளைக்க இரைப்பைச் சுவர் மேலும் உரத்துப் பசியை அறிவித்தது. பைபாஸ் செய்துகொண்ட ஐவருக்கோ அது இயல்பான எடையுள்ளவர்களைவிட 77 விழுக்காடு குறைந்திருந்தது; உணவுவேளை ஏற்றங்களும் மறைந்திருந்தன. பிற்கால ஆய்வுகள் பைபாஸ் விஷயத்தில் ஒன்றுபோல் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிடவேண்டும். எனினும் முதற்பாதி நமக்குப் போதும். பட்டினி கிடந்து இளைத்தவர் மீண்டும் பருத்தால் அவரை மனவுறுதி அற்றவர் என்று ஏசுகிறோம். அவர் உடலுக்குள் நாளும் மூன்று வேளை கூவிக்கொண்டிருந்த செல்களை நாம் அறிந்திருக்கவில்லை.

*

இதே காலத்தில் மற்றோர் அறுவை முளைத்தது. பெரிய அறுவையைத் தாங்கமாட்டாத நோயாளிகளுக்கு முதற்கட்டமாக, இரைப்பையின் வெளிவளைவை நெடுக வெட்டியெடுத்து ஒரு குழாய் மட்டும் விட்டுவைக்கும் முறையை நியூயார்க்கில் மிஷேல் கான்யே 2000-ஐ ஒட்டிக் கையாண்டார். சட்டைக்கை போன்ற வடிவினால் 'ஸ்லீவ்' என்று பெயர். முதற்கட்டத்திலேயே பலர் போதுமான அளவு இளைத்ததால், அதுவே தனி அறுவையாகி, உலகில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவையாகிவிட்டது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இரைப்பை போய்விடுகிறது. அதோடு கிரெலின் செல்களின் முதன்மைக் குடியிருப்பான குவிமாடமும். பசி குறைவதற்கு விளக்கம் கைக்கெட்டிவிட்டதாகவே தோன்றியது.

இயற்கை அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. கிரெலினே சுரக்க இயலாத எலிகளுக்கு ஸ்லீவ் அறுவை செய்தபோதும் அவை மற்ற எலிகளைப் போலவே இளைத்தன என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. மறு ஆண்டில், பித்த அமிலங்களை உணரும் ஓர் ஏற்பி இல்லாத எலிகளிடம் அதே அறுவை பலனிழப்பது தெரிந்தது. ஆக, ஒரு செல்லின் ஒரு குரல் மட்டுமன்று. சுவர் நெடுகிலும் ஓர் உரையாடலே மாறிவிடுகிறது.

குடற்சுவரும் வாளாவிருக்கவில்லை. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பைபாஸ் செய்த எலிகளின் இணைப்புக் குடல், செரிக்காத உணவு நேரே வந்து விழுவதை எதிர்கொள்ளத் தடித்து வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய சர்க்கரையை இரத்தத்திலிருந்தே இழுத்துக்கொண்டது. நீரிழிவு அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதினர். ஸ்லீவ் செய்த எலிகளில் குடல் தடிக்கவில்லை. மாறாக, இன்சுலினைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் அடர்ந்தன. இரண்டு அறுவைகள், இரண்டு வகை மறுமொழிகள்.

*

எஞ்சிய சுவர் என்னாகிறது? பைபாஸில் மூடப்பட்ட பெரிய அறையைச் சாதாரண எண்டோஸ்கோபி எட்டாது. பிரேசிலின் மருத்துவர்கள் இரட்டைப் பலூன் கருவியால் குடல்வழியே சுற்றிச் சென்று அதனுள் நுழைந்து, 2007-இல் தாம் கண்டதை வெளியிட்டனர். பலரிடம் அழற்சி இருந்தது. சிலரிடம் சுரப்பிகள் தேய்ந்து, குடல்வகை உருமாற்றம் தொடங்கியிருந்தது. ஸ்லீவ் செய்தவர்களிடம் வேறொரு சிக்கல். குறுகிய குழாயின் அழுத்தத்தால் அமிலம் மேலேறி, உணவுக்குழாயின் அடியில் உள்ள செல்கள் உருமாறும் பாரெட் நிலை சிலரிடம் காணப்படுகிறது. பால்ஃபர் 1922-இல் தந்த எச்சரிக்கையை மறவாதவர்கள் இவற்றைக் கண்காணிக்கச் சொல்வதில் நியாயம் உண்டு.

அஞ்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை செய்துகொண்ட 2010 பேரையும் செய்துகொள்ளாத 2037 பேரையும் ஒப்பிட்டுத் தொடர்ந்த பெரும் ஆய்வு, அறுவை செய்தவர்களிடம் இறப்பு குறைவு என்று 2007-இல் அறிவித்தது. அறுவை உயிர்காக்கிறது. ஆனால் அது ஒருநாள் சங்கதி அன்று. சுவரோரச் செல்களை இழந்த அல்லது அவற்றோடு தொடர்பறுந்த உடலுக்கு வாழ்நாள் முழுதும் பி12-ஐ வெளியிலிருந்து தரவேண்டும். இரத்தச் சோதனைகளைத் தவறவிடலாகாது. 'பையைச் சிறிதாக்கிவிட்டார்கள்' என்று மட்டும் விளங்கிக்கொண்டவர்தாம் மூன்றாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்துகிறார். சொல்லில் உள்ள பிழை இங்கே உடலில் தைக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் பன்னீராண்டு வருந்துகிறாள். எவ்வளவு உண்டும் ஆறாத அந்தத் தீ ஒரு முனிவரின் சாபத்தால் வந்தது. அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழாமல், நோயாளி என்று கண்டு இரங்குகிறது காப்பியம். பசிப்பிணி என்ற சொல்லை ஆண்ட மொழி அல்லவா! கிரெலினும் சுவரோரச் செல்லும் தெரியாத காலத்தில் இருந்த அந்தக் கனிவு, இவையெல்லாம் தெரிந்த நம்மிடம் குறைந்துபோயிருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது.

முடிக்குமுன் செயின்ட் மார்ட்டினிடம் திரும்புவோம். ஆண்டுக்கு 150 டாலருக்கு ஒப்பந்தம் எழுதித் தம் இரைப்பையைக் காட்டிய அந்த ஏழைப் படகோட்டி, மருத்துவர் போமாண்ட் இறந்தபின் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880-இல் மறைந்தார். அந்த இரைப்பையை அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பினார் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர். குடும்பத்தார் இணங்கவில்லை. உடல் அழுகத் தொடங்கும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, எவரும் தோண்டியெடுக்க முடியாதபடி மிக ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தனர். உலகம் அதை ஓர் அரிய பையாகப் பார்த்தது. அவர்களுக்கோ அது பசித்தும் உண்டும் வாழ்ந்த தம் மனிதர் ஒருவரின் வயிறு.